விலையும் வேளையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதித் தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டபோது, "இயற்பியல் மாணவன் நீ; அறிவியல் கட்டுரையாகவே எழுது" என்றார். போர் விமானங்களைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். மகிழ்ந்தார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், பாதிக் கட்டுரையில் எங்கள் வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன! அவற்றை நிறுத்திவிட்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தெரியவில்லை. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் சூலூருக்கும் சோமனூருக்கும் இடையில் இருக்கிறது. ஆறு விசைத்தறி போட்ட வீடு எங்களுடையது. ஓடு வேய்ந்த தறிக்கூடம்; அதை ஒட்டினாற்போல் நாங்கள் படுக்கும் அறை. பாவும் நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அப்பாவும் அம்மாவும் முறை வைத்துத் தறி பார்ப்பார்கள். ஆறு தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதற்கும் கைச்சாடைதான். ஆகவே, சூலூர் விமானப்படைத் தளத்துக்கு இவ்வளவு அருகில் பிறந்து வளர்ந்தும், தலைக்கு மேலே போகும் விமானத்தின் ஓசை எங்களுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. கரண்ட் போனால்தான் எங்களுக்கு வானம் கேட்கும்.

அப்படிக் கரண்ட் போன ஒரு நாள். 2024 ஆகஸ்டு மாதம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. மொட்டை வெயிலில் வானத்தைக் கிழித்துக்கொண்டு ஓர் ஓசை வந்தது. தேஜஸ் விமானங்களை நான் அறிவேன். 2018-ல் அவற்றின் முதல் படையணி சூலூருக்கு வந்தது முதல் அவை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. இது அந்த ஓசையன்று. பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். இரட்டை எஞ்சின் விமானங்கள்; முக்கோண இறக்கை; மூக்கை அடுத்து இரண்டு சின்னஞ்சிறு இறக்கைகள். ஆகஸ்டு 6 முதல் 14 வரை 'தரங் சக்தி' என்னும் பன்னாட்டுப் பயிற்சியின் முதல் கட்டம் சூலூரில் நடந்தது என்பதும், பிரான்சு தன் ரஃபேல் விமானங்களோடும், ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் ஆகியவை தங்கள் டைஃபூன் விமானங்களோடும் வந்திருந்தன என்பதும் மறுநாள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டவை.

ரஃபேலும் டைஃபூனும்! பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிபோல இருக்கும். எஞ்சினுக்குக் காற்று புகும் வாய் டைஃபூனுக்கு வயிற்றின் கீழே. ரஃபேலுக்கு உடலின் இரு பக்கமும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளத்தான் முதலில் நூலகத்துக்குப் போனேன். போன இடத்தில் வேறொன்று கிடைத்தது. எங்கள் தலைக்கு மேல் ஒன்றாகப் பறந்த இந்த இரண்டும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நம் நாட்டின் வாசலில் நின்று, "என்னை எடுத்துக்கொள்" என்று கடைசிவரை போட்டியிட்டவை! அந்தப் போட்டியின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இந்திய விமானப்படைக்கு 42 போர் விமானப் படையணிகள் இருக்க வேண்டும் என்பது அரசு ஒப்புக்கொண்ட கணக்கு. ஒரு படையணி என்றால் ஏறத்தாழ 16 முதல் 18 விமானங்கள். 1963-ல் படையில் சேர்ந்த மிக்-21 இனம் மூப்படைந்து வந்தது. அவற்றின் இடத்துக்கு வரவேண்டிய நம் சொந்தத் தேஜஸ் 1983-ல் ஒப்புதல் பெற்று, 2001 ஜனவரி 4 அன்றுதான் முதன்முதலாகப் பறந்தது. எண்ணிக்கை குறையும், குறைவதற்குள் நிரப்ப வேண்டும். எனவே, நடுத்தர எடையுள்ள, பல பணிகளையும் செய்யவல்ல போர் விமானங்கள் 126 வாங்குவதென்று முடிவாயிற்று. 2007 ஆகஸ்டு 28 அன்று ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணம் வெளியாயிற்று. மதிப்பீடு சுமார் 42,000 கோடி ரூபாய். 18 விமானங்கள் பறக்கும் நிலையில் வரவேண்டும். மீதி 108-ஐயும் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இங்கேயே செய்யும். ஒப்பந்தத் தொகையில் 50 விழுக்காட்டுக்கு ஈடான வேலையையும் முதலீட்டையும் விற்பவர் இந்தியத் தொழில்துறைக்குத் திருப்பித் தரவேண்டும். நிபந்தனைகள் இவை.

போட்டிக்கு வந்தவர்கள் ஆறு பேர். அமெரிக்காவிலிருந்து எஃப்-16, எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட் என இரண்டு, ரஷ்யாவின் மிக்-35, சுவீடனின் கிரிபன், பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து செய்த யூரோஃபைட்டர் டைஃபூன், பிரான்சின் ரஃபேல்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? நம் கல்லூரியில் மேசை நாற்காலி வாங்குவதற்கும் இரண்டு உறை முறை உண்டு என்று அலுவலகத்தில் பணியாற்றும் ஒருவர் சொன்னார். அதே முறைதான். ஓர் உறையில் பொருளின் தரம். மற்றோர் உறையில் விலை. தர உறையை முதலில் பிரித்து, தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிறகு பிரிப்பார்கள். தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படாமலே திரும்பிவிடும். விலையைப் பார்த்த கண் தரத்தைச் சரியாகப் பார்க்காது என்னும் மனித இயல்பை அறிந்து வகுத்த முறை இது. நம் விடைத்தாளில் பெயரை மறைத்துப் பொய் எண் போட்டுத் திருத்தச் சொல்கிறார்கள் அல்லவா, அதைப்போல.

2009-லும் 2010-லும் ஆறு விமானங்களையும் மூன்று இடங்களில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். பெங்களூரு, பாலைவன வெப்பம் தகிக்கும் ஜெய்சல்மேர், குளிரும் உயரமும் சேர்ந்த லே. இந்த மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்ததில் இயற்பியல் இருக்கிறது. இறக்கை தூக்குவதும் எஞ்சின் உந்துவதும் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தவை. வெப்பம் ஏறினால் அடர்த்தி குறையும். உயரம் ஏறினாலும் குறையும். லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் குறைவு. கடற்கரையில் சுலபமாக எழும்பும் விமானம் அங்கே திணறும். அறுநூற்றுக்கும் மேற்பட்ட அம்சங்களில் ஒவ்வொரு விமானத்தையும் அளந்து எழுதினார்கள். 2011 ஏப்ரலில் நான்கு பேர் வெளியேறினார்கள். டைஃபூனும் ரஃபேலும் நின்றன. அவ்வாண்டு நவம்பரில் விலை உறைகள் பிரிக்கப்பட்டன. 2012 ஜனவரி 31 அன்று ரஃபேலே குறைந்த விலை என்று அறிவிக்கப்பட்டது.

குறைந்த விலை என்றால், கடையில் கொடுக்கும் விலை மட்டும் அன்று. விமானம் இருக்கப் போகும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கும் எரிபொருள் எவ்வளவு, உதிரிபாகம் எவ்வளவு, எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் செலவு எவ்வளவு, தொழில்நுட்பத்தை நமக்குக் கற்றுத்தரக் கேட்கும் தொகை எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பது. இதை 'வாழ்நாள் செலவு' என்கிறார்கள். மலிவாக வாங்கிய மோட்டாருக்கு மூன்று முறை காயில் கட்டியவர்களுக்கு இதன் நியாயம் விளங்கும்.

எவ்வளவு நேர்த்தியான முறை! எட்டு நாடுகள் விற்க வந்த பொருளை, ஒருவர் முகத்தையும் பாராமல், பாலையிலும் பனியிலும் ஓடவிட்டு, வாழ்நாள் கணக்கும் போட்டு எடுத்த முடிவு. படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால், அந்த 126 விமானங்களில் ஒன்றுகூட அந்தப் போட்டியின் வழியாக வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் வீட்டில் 2023-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏனெனில், அந்த வரியைப் படித்ததும் நூலகத்தில் எனக்கு விமானம் நினைவுக்கு வரவில்லை. எங்கள் தறிக்கூடம்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஆறு தறிகளில் நான்கு, அப்பாரு காலத்தில் வாங்கியவை. தேய்ந்து போனவை. தறியில் நாடா என்று ஒன்று உண்டு. ஊடை நூல் சுற்றிய தாரை வயிற்றில் சுமந்துகொண்டு பாவுக்குள் இப்படியும் அப்படியுமாகப் பாயும் மரக்கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் பாயும். தறி நன்றாக இருந்தால் அது தன் பாதையை விட்டு விலகாது. தேய்ந்த தறியில் எப்போதாவது தடம் தவறி வெளியே பறந்துவிடும். எங்கள் பழைய தறிகளில் இரண்டு முறை அப்படிப் பறந்து சுவரில் பட்டிருக்கிறது. காரை பெயர்ந்த இடம் இன்றும் இருக்கிறது.

அந்த ஆண்டு தைப்பொங்கல் முடிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "இந்த நாலையும் மாத்திப் போட்டரோணும் கண்ணு. நீதான் படிச்சவன். மூணு பக்கம் வெல கேட்டிருக்கறேன். எது கட்டுபடியாகும்னு நீ கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு பெரிய செலவுக்கு என் எழுத்தும் கணக்கும் வேண்டியிருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உண்டான பூரிப்பைச் சொல்லி முடியாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். பத்தி பத்தியாகக் கோடு கிழித்தேன். தறியின் விலை, வண்டி வாடகை, பூட்டுக் கூலி, உதிரிபாகச் செலவு. மூன்று பேரும் விற்றவை ஓடிய தறிகள்தாம். ஒருவர் சொன்ன விலை மிகக் குறைவு. ஆனால் தேய்மானம் அதிகம். இன்னொருவர் விலை எங்களுக்கு எட்டாது. நடுவில் இருந்தவர் விலை சற்றுக் கூடுதல். ஆனால் ஓராண்டுக்குத் தாமே வந்து பழுது பார்த்துத் தருவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் கூட்டினால் நடுவில் இருந்தவரே மலிவு. பெயர் தெரியாமலே வாழ்நாள் செலவுக் கணக்கைப் போட்டிருக்கிறேன்! அப்பா தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

அதற்குப் பிறகுதான் இழுபறி. இரண்டு தறியை அவரே பூட்டித் தரட்டும். மற்ற இரண்டைப் பாகங்களாக வாங்கி வந்து, எங்கள் மேஸ்திரியை வைத்து நாங்களே பூட்டிக்கொண்டால் பூட்டுக் கூலி மிச்சம் என்றார் அப்பா. விற்பவர் ஒப்பவில்லை. "நான் பூட்டற தறிக்கு நான் பொறுப்பு. உங்க மேஸ்திரி பூட்டற தறிக்கு நான் எப்படிங்க பொறுப்பாக முடியும்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம். நாலுக்கும் சேர்த்துப் பொறுப்பு ஏற்றால்தான் வாங்குவேன் என்ற அப்பாவின் பேச்சும் நியாயம். மாசி போயிற்று, பங்குனி போயிற்று.

இழுபறியில் என் பங்கும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கூலி கட்டாமல் எங்கள் தெருவில் இரண்டு பேர் தங்கள் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். இன்னும் சிலர் போடப் போவதாகப் பேச்சு. நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய், "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தாப் போதுங்கப்பா. எல்லாரும் வித்தா வெல எறங்கும். தறிக்கு எட்டாயிரம் மிச்சம். நாலு தறிக்கு முப்பத்திரண்டாயிரம்" என்றேன். அண்டை வீட்டார் தொழில் நொடிவதையும் நான் என் கணக்கில் கழித்தல் குறியாகப் போட்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னாச் சரிதான்" என்றார்.

சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. விலை கொஞ்சம் இறங்கியது. இன்னும் இறங்கும் என்றேன்.

புரட்டாசியில் ஒரு மாலைப்பொழுது. நான் உள் அறையில் படித்துக்கொண்டிருந்தேன். தறிச் சத்தத்தின் நடுவே ஒரு தறி மட்டும் நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கேட்கும். ஓடிப் போய்ப் பார்த்தேன். அம்மா தறிக்கும் தறிக்கும் இடையே உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பொத்திய கைவிரல்களின் வழியே இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. நாடா காலடியில் கிடந்தது. இடக் கண்ணுக்கு மேலே, புருவத்தின் மீது ஏழு தையல். கண் தப்பியது என்றார்கள். முழுவதும் தப்பவில்லை என்பது சில மாதம் கழித்துத் தெரிந்தது. அறுந்த பாவு இழையைத் தேடி எடுத்து முடி போடுவதற்கு அம்மாவுக்கு இப்போது இடக் கண் உதவுவதில்லை.

மூன்றாம் நாள் அப்பா போனார். பேரம் பேசவில்லை, சொன்ன விலையைக் கொடுத்து, பூட்டிய தறி இரண்டு வாங்கி வந்தார். கையிலிருந்த பணத்துக்கு மருத்துவச் செலவு போக இரண்டுதான் முடிந்தது. மற்ற இரண்டு பழைய தறிகளும் அன்று நின்றவைதாம். இன்றுவரை ஓடவில்லை. அப்பா என்னை ஒரு சொல் கடியவில்லை. ஆனால் அந்த நோட்டை அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

இப்போது 126 விமானங்களின் கதையை முடிக்கிறேன்.

2012-ல் ரஃபேல் தேர்வானதும் பேச்சுவார்த்தை தொடங்கியது. மூன்று ஆண்டு நடந்தது. பெரிய முட்டுக்கட்டை எது தெரியுமா? இங்கே ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்யப் போகும் 108 விமானங்களின் தரத்துக்கும் காலத்துக்கும் யார் பொறுப்பு என்பது! இன்னொருவர் தொழிற்சாலையில் ஆகும் விமானத்துக்குத் தான் முழுப் பொறுப்பு ஏற்க முடியாது என்றது விற்கும் தசோ நிறுவனம். பொறுப்பில்லாமல் வாங்க முடியாது என்றது நம் தரப்பு. ஒரு விமானத்தைச் செய்ய எத்தனை மனித மணி நேரம் ஆகும் என்பதிலும் இரு தரப்பும் உடன்படவில்லை. இதைப் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாவும் தறி விற்பவரும் உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. காலத்தின் பக்கம் பேச ஒருவரும் இல்லை.

2015 ஏப்ரல் 10 அன்று பாரிசில் பிரதமர் நரேந்திர மோடி, பறக்கும் நிலையில் உள்ள 36 ரஃபேல் விமானங்களை அரசுக்கு அரசு என்ற முறையில் நேரடியாக வாங்கப் போவதாக அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையில், பழைய 126 விமான அழைப்பு திரும்பப் பெறப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. 2016 செப்டம்பர் 23 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 36 விமானங்களுக்கும் ஆயுதங்களுக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்து 787 கோடி யூரோ. ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய். 2020 ஜூலை 29 அன்று முதல் ஐந்து விமானங்கள் அம்பாலாவில் இறங்கின. அழைப்பு வெளியான நாளில் நான் தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. முதல் விமானம் இறங்கிய நாளில் ஒன்பதாம் வகுப்பு மாணவன்!

அவசரமாக வாங்குவதற்கும் ஒரு விலை உண்டு. போட்டி இல்லாமல் வாங்கியதால் கேள்விகள் எழுந்தன. விலை சரியா, முறை சரியா என்று ஆண்டுக்கணக்கில் நாடு விவாதித்தது. விசாரணை கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 14 அன்று தள்ளுபடி செய்தது. மறு ஆய்வு மனுக்களை 2019 நவம்பர் 14 அன்று தள்ளுபடி செய்தது. 2019 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை, பழைய ஒப்பந்தப்புள்ளியோடு ஒப்பிட்டால் புதிய ஒப்பந்தம் 2.86 விழுக்காடு குறைவு என்றது. அதன் பிறகும் வாதம் ஓயவில்லை. எந்தக் கட்சி சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு இல்லை. ஒன்று மட்டும் எனக்குத் தெரிகிறது. 126 என்பது 36 ஆயிற்று. 108 விமானங்களை இங்கே செய்து நம் தொழிலாளர்கள் கற்றிருக்க வேண்டிய கல்வி கைநழுவிப் போயிற்று. நான்கு தறி இரண்டு தறி ஆனதுபோல. அளவுக்கு மீறித் தாமதித்தவன் கடைசியில் பேரம் பேசும் உரிமையையும் இழந்துவிடுகிறான்.

இடைப்பட்ட காலத்தில் பழைய தறியை ஓட்டியவர்கள் யார்? 2022 ஜூலை 28 அன்று இராஜஸ்தானின் பார்மேர் அருகே மிக்-21 பயிற்சி விமானம் விழுந்து, அதில் இருந்த விமானிகள் இருவரும் மாண்டார்கள். 2023 மே 8 அன்று அதே மாநிலத்தின் ஹனுமான்கர் பகுதியில் ஒரு மிக்-21 ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானி குதித்துத் தப்பினார். கீழே இருந்த மூன்று பெண்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியை அன்று நான் படித்ததாக நினைவில்லை. அப்போது நான் தறி விலை இறங்குவதற்காகக் காத்திருந்தேன்.

126 விமானங்களும் வேளைக்கு வந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மிக்-21-க்கு நேரடி மாற்றாக வரவேண்டியது தேஜஸ்; அதன் தாமதம் தனிக் கதை. விபத்துகளுக்குக் காரணம் பலவாக இருக்கலாம். ஆனால், புதியது வரும்வரை பழையது பறந்துதான் ஆகவேண்டும். அதில் ஒருவர் ஏறித்தான் ஆகவேண்டும். முடிவு எடுக்கும் மேசையில் இருப்பவரும் நாடா பறக்கும் இடத்தில் நிற்பவரும் ஒருவரல்லர். என் நோட்டில் கணக்குப் போட்டவன் நான்; தறியருகில் நின்றவர் அம்மா.

சென்ற ஆண்டு, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்தார்கள். அறுபத்திரண்டு ஆண்டு உழைத்த விமானம். 42 இருக்க வேண்டிய படையணிகள் அத்துடன் 29 ஆயின என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்த விழாவைக் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். ரஃபேலுக்குக் கொடுத்த தொகையையும் சொன்னேன். "அம்பத்தொம்பதாயிரங் கோடியா! அத்தன காசுக்கு எத்தன பள்ளிக்கூடம், ஆசுபத்திரி கட்டலாம்!" என்றார். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு நிறமாலைமானிக்கு நான்கு பேர் வரிசையில் நிற்கும் எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. அதற்கு விடை என்னிடம் இல்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அம்மாவே மறுபடியும் சொன்னார்: "ஆனா கண்ணு, அந்தப் பழைய வண்டியில ஏறிப்போற பையனுக்கும் ஊட்டுல ஒரு அம்மா இருப்பாளல்லோ?"

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் திருக்குறள் அதிகார வைப்பு முறையைப் பேராசிரியர் விளக்கிய நாள் நினைவுக்கு வருகிறது. தெரிந்து செயல்வகை 47-ஆவது அதிகாரம், வலியறிதல் 48, காலமறிதல் 49. தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரிசைதான். இப்போது அந்த வரிசையே எனக்கு ஒரு பாடமாகப் படுகிறது. ஆராய்ந்து செய் என்று சொன்னவர் அங்கேயே நின்றுவிடவில்லை; தன் வலிமையை அறி என்றார்; உடனே காலத்தை அறி என்றார். நம் நாட்டின் அந்தப் பெரிய போட்டி முதல் அதிகாரத்தை அப்பழுக்கில்லாமல் கற்றது. அறுநூறு அம்சங்களை அளந்தது. ஆனால் காத்திருப்பின் விலையை அளக்க அதில் ஒரு பத்தி இருக்கவில்லை. என் நாற்பது பக்க நோட்டிலும் இருக்கவில்லை.

போட்டியே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. ஆறு பேரைக் கூப்பிட்டு, உறை பிரித்து, ஓடவிட்டுப் பார்ப்பதுதான் ஏழை நாட்டுக்கு அழகு. ஏழை வீட்டுக்கும் அழகு. முதலில் அகப்பட்டதை வாங்குகிறவன் ஏமாறுவான். ஆனால் எல்லாப் பத்திகளுக்கும் முன்னால் ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த நாளுக்குள் முடிவு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு மாதத்துக்கும் இன்னது செலவு, அதைச் சுமக்கிறவர் இன்னார் என்று எழுதிவைக்க வேண்டும். எழுதினால் கை தயங்கும். எழுதாததால் எனக்குத் தயக்கமே வரவில்லை. முப்பத்திரண்டாயிரம் மிச்சம் என்றுதான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். 2018 ஏப்ரலில் 110 விமானங்களுக்காக நம் நாடு மீண்டும் உலக நிறுவனங்களிடம் விவரம் கேட்டது. அந்தக் கதையும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. நம்மில் சிலர் நாளை அலுவலகங்களில் அமர்வோம். நம் மேசைக்கும் உறைகள் வரும். விமானமாக இராமல் பள்ளிக்கூட மேசையாக, மருத்துவமனைக் கட்டிலாக இருக்கலாம். வீட்டில் முதலாவதாகப் படித்தவனின் கணக்கை ஒரு குடும்பமே நம்பும். அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு கனம் என்று எனக்கு இப்போது தெரியும்.

கடைசியாக ஒரு செய்தி. அம்மாவின் இடக் கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது, அடிபட்டதனால் வந்தது, அறுவை செய்தால் பார்வை தெளியும் என்று மருத்துவர் சொல்லி ஓராண்டாகிறது. தீபாவளிப் பாவு முடியட்டும் என்றார் அம்மா. பிறகு பொங்கல் பாவு முடியட்டும் என்றார். எந்த ஆசுபத்திரி, என்ன செலவு என்று அப்பாவும் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டே இருந்தார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். புதுப் பக்கத்தில் கோடு கிழித்தேன். முதல் பத்தியில் நாளை எழுதினேன். பிறகுதான் மற்றவை. அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டரை ஆண்டுக்குப் பிறகு அப்பா அந்த நோட்டைக் கையில் வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். "சரி, அன்னைக்கே போயிரலாம்" என்றார்.

அந்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அம்மாவின் கண்கட்டு அவிழ்ந்திருக்கும்.